அரிசிம்பருப்புக்கு எத்தனை நிமிஷம்

அந்தப் பையை மேல வைக்க வேண்டாமுங்கண்ணா. என் மடியிலயே இருக்கட்டும். துணிமணி இல்லைங்க, தாளுக. கசங்கிருச்சுன்னா அங்க போயி எடுத்துக் காட்டறப்ப ஒரு மதிப்பு இருக்காது. நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. வெள்ளகோவில் வரைக்குங்களா? நானும் அங்கதான். ஒண்ணே கால் மணி நேரம் ஆகும். காங்கயத்துல பத்து நிமிஷம் சும்மா நிறுத்துவான். ஏம்ப்பா நிறுத்தறேன்னு கேட்டா, இன்னும் டைம் ஆகலைம்பான். அவனுக்கென்ன, கேக்கறதுக்கு ஆளில்ல.

மச்சான் வீட்டுக்குப் போறேனுங்க. சம்சாரத்தோட அண்ணன். அங்கதான் அவ இருக்கா, ரெண்டு புள்ளைகளும் இருக்காங்க. கூட்டிட்டு வரப் போறேன். போயி முப்பத்தொம்பது நாளாச்சு. நீங்க நினைக்கற மாதிரியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நான் குடிக்கறதில்ல. கை நீட்டினதில்ல. வேலை விட்டா வீடு, வீடு விட்டா வேலை. இப்படிப்பட்டவனை விட்டுட்டுப் பொண்டாட்டி அண்ணன் வீட்டுல போயி உக்காந்துட்டான்னா ஊரு என்ன நினைக்கும்? என்னமோ இருக்குதுன்னுதானே நினைக்கும். என்ன இருக்குதுன்னா, ராத்திரிச் சாப்பாடு இருக்குது. அவ்வளவுதான் விஷயம். புள்ளைகளுக்கு நேரத்துல சோறு போடணும்னு சொன்னேன். அது ஒரு குத்தமாப் போச்சுங்க எனக்கு.

என் பேரு பூபதி. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில இருக்கேன். தைக்கறது இல்லைங்க, அளக்கறது. துணியை இல்ல, நேரத்தை. ஐ.இ., இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் டிபார்ட்மென்டுன்னு சொல்லுவாங்க. கையில ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு அட்டை, அட்டையில ஒரு தாளு. ஒரு டைலர் காலரை எடுத்து, வெச்சு, தைச்சு, நூலை வெட்டி, அக்கட்டால போடறதுக்கு எத்தனை நொடி ஆகுதுன்னு பின்னால நின்னு பாத்து எழுதணும். எழுதி, எங்க நேரம் வீணாப் போகுதுன்னு கண்டுபுடிச்சு, அதை வெட்டணும். வெட்டினதுக்கப்புறம் வர்றதுதான் டார்கெட். பதினோரு வருசமா இதைத்தான் பண்றேன். இதுல ஒரு விஷயம் என்னன்னா, வாட்ச்சோட போயி பின்னால நின்னாப் போதும், டைலருக்குக் கை தானா மெதுவாயிரும். நாற்பது நொடில முடிக்கறவ அறுபது நொடி எடுப்பா. நூல் அறுந்துபோச்சும்பா, ஊசி சரியில்லைம்பா. எல்லாம் நடிப்பு. அதுல எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நெசம்னு கண்டுபுடிக்கறதுதான் என் தொழிலே.

கோகிலவாணியை நான் அப்படித்தான் பாத்தேன். என் சம்சாரந்தாங்க. மூணாவது லைன்ல காலர் தைச்சுட்டு இருந்தா. நான் போயி பின்னால நின்னேன். கை மெதுவாகவே இல்லைங்க. முப்பத்தெட்டு நொடி, முப்பத்தெட்டு, முப்பத்தேழு. திரும்பிக்கூடப் பாக்கல. என்னடா இது, கள்ளம் இல்லாத பொண்ணா இருக்குதேன்னு தோணுச்சு. அன்னிக்கே மனசுல முடிவு பண்ணிட்டேன். எல்லாரும் பொண்ணு பாக்கக் காப்பி பலகாரத்தோட போவாங்க, நான் வாட்ச்சோட போயி பாத்தவன். அவ வேகத்தை வெச்சுத்தான் அந்த லைன் பூராவுக்கும் டார்கெட் ஏத்தினோம். அதுக்கப்புறம் மத்த பொம்பளைக யாரும் அவகூட உக்காந்து சாப்படறதில்ல. மாடிப்படிக்கு அடியில தனியா உக்காந்துதான் டிபன் பாக்ஸைத் தொறப்பா. பொறாமை, வேறென்ன. அதைக்கூட ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லலைங்க அவ. கல்யாணத்துக்கப்புறம் நான்தான் வேற கம்பெனில சேத்துவிட்டேன்.

படியூர் தாண்டிட்டோமா? இருக்கட்டும், இருக்கட்டும்.

மூத்தவ மிதுலா, ஒண்ணாவது படிக்கறா. சின்னவன் நிகிலன், மூணு வயசு. இந்த ஜூன்ல மிதுலாவை ஒண்ணாவது சேத்தினோம். வேன் ஏழு பத்துக்கு வந்து நின்னுரும். அப்ப புள்ளை ஆறு மணிக்கு எந்திரிக்கணும். ஆறு மணிக்கு எந்திரிக்கணும்னா எட்டரைக்குத் தூங்கணும். எட்டரைக்குத் தூங்கணும்னா ஏழரைக்காவது தட்டுல சோறு விழுகணும். சரிதானுங்களே? இங்க என்ன நடக்குதுன்னா, கோகிலா கம்பெனி வேன்ல வந்து இறங்க ஆறே முக்கால். மூணாவது வீட்டுப் பாப்பாத்தியக்காகிட்ட இருந்து புள்ளைகளைக் கூட்டிட்டு வந்து, அடுப்பைப் பத்த வெச்சு, எல்லாம் ஆகறதுக்குள்ள எட்டு அடிச்சிரும். ஜூன்ல ஒரு நாள் மிதுலா ஹால்ல சோபாவுக்குக் கீழயே தூங்கிட்டா. எழுப்பி எழுப்பிப் பாக்கறோம், வாயில வெச்ச சோத்தை மெல்லாமத் தூங்குது புள்ளை. வாயில விரலை விட்டு வழிச்செடுத்தோம். சோறு இருந்தும் பட்டினியாத் தூங்குதே என் புள்ளைன்னு இருந்துச்சுங்க எனக்கு. மறுநாள் டீச்சர் டைரில எழுதி விட்டிருக்காங்க, வகுப்புல தூங்குறான்னு. அன்னிக்குத்தான் நான் இதைக் கையில எடுத்தேன். பாசத்துலதானுங்க எடுத்தேன். அதை நீங்க மனசுல வெச்சுக்கங்க.

நானா? நான் ஆறு இருபதுக்கே வந்துருவேன். வந்து உக்காந்திருப்பேன். புள்ளைகளை நான் போயிக் கூட்டிட்டு வரலாம்தான், மூணு வீடுதான். ஆனா அவங்களுக்கு அம்மா வந்து கூப்பிட்டுத்தான் பழக்கம். பழக்கத்தைக் கெடுப்பானேன்.

ஒரு வாரம் வெறுமனே அளந்தேன். ஒரு வார்த்தை சொல்லல. சமையக்கட்டு வாசல்ல நின்னுட்டு, அவ என்ன பண்றா, எத்தனை நேரம் பண்றான்னு எழுதினேன். சராசரி அம்பத்திரண்டு நிமிஷம். அதுல வெங்காயம் உரிக்கறது பதினாலு. ஃப்ரிட்ஜு ஹால்ல இருக்குது, அதுக்கும் அடுப்புக்கும் நடக்கறது மட்டும் பதினேழு தடவை. நடுவுல நிகிலனைத் தூக்கறது, இறக்கறது, மிதுலா ஏதோ கேக்கறா, அதுக்கு நின்னு பதில் சொல்றது. அதெல்லாம் கணக்குப் பண்ணினா அதுவே பன்னண்டு நிமிஷம் வருது.

அப்புறம் முறையை மாத்தினேன். ஃப்ரிட்ஜை உள்ள நகத்தினேன். கடுகு, சீரகம், வரமொளகா எல்லாத்தையும் கை எட்டற தூரத்துல ஒரே டப்பாவுல போட்டேன். வெங்காயம் ஞாயித்துக்கிழமை ஒரே மூச்சா உரிச்சு டப்பால அடைச்சிரணும். அன்னிக்கு அவளுக்கு லீவுதானே. பருப்பு காலையிலயே ஊறிரணும், சப்பாத்திக்கு மாவு காலையிலயே பெசஞ்சிரணும். அவ அஞ்சு மணிக்கு எந்திரிக்கறவதான், நாலே முக்காலுக்கு எந்திரிச்சாப் போதும். திங்கக்கிழமை அரிசிம்பருப்பு சாதம், செவ்வாய் ரவை உப்புமா, புதன் தோசை, வியாழன் தக்காளிச் சாதம், வெள்ளி சப்பாத்தி, சனி மறுபடியும் தோசை. என்ன பண்றதுன்னு யோசிக்கற நேரமும் மிச்சம். முப்பது நிமிஷத்துக்கு வந்துச்சுங்க. அம்பத்திரண்டு எங்க, முப்பது எங்க. ஏழு இருபதுக்குத் தட்டுல சோறு. மிதுலா எட்டேகாலுக்கெல்லாம் தூங்கிட்டா. நான் பண்ணினது தப்புன்னு சொல்லுங்க பாக்கலாம்.

அதுக்கப்புறம் நான் வாசல்ல நிக்கறதை விட்டுட்டேன். தாளை அவளே எழுதட்டும்னு ஃப்ரிட்ஜு மேல கிளிப்புல மாட்டிவிட்டேன். ஆரம்பிச்சது எத்தனை மணி, முடிச்சது எத்தனை மணி. தினமும் எழுதுவா. முப்பது, முப்பது, முப்பத்தொண்ணு, முப்பது. நான் ஹால்ல உக்காந்திருப்பேன். உள்ள கரண்டிச் சத்தம் கேட்டுட்டே இருக்கும். நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு.

ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. மேல்தொட்டில தண்ணி ஏறலைன்னு மோட்டாரைப் பாக்க வீட்டுக்குப் பின்னால போனேன். சமையக்கட்டு ஜன்னல் அந்தப் பக்கந்தான். சும்மா எட்டிப் பாத்தேன். என்ன பாத்தேங்கறீங்க? அடுப்பு அணைஞ்சு கிடக்குது. எட்டுச் சப்பாத்தியும் சுட்டு, தக்காளித் தொக்கும் செஞ்சு மூடி வெச்சாச்சு. அவ கீழ செவுத்துல சாஞ்சு காலை நீட்டி உக்காந்திருக்கா. மடியில நிகிலன். மிச்ச மாவுல கோழிக்குஞ்சு செய்யறாங்க. கடுகை எடுத்துக் கண்ணு வெக்கறா மிதுலா. ஒரு குஞ்சுக்கு மூணு கண்ணு வெச்சுட்டா போலிருக்குது, கோகிலாவுக்குச் சிரிப்பு தாங்கல. ஆனா சத்தம் வரலைங்க. எனக்குக் கேட்டுரக்கூடாதுன்னு முந்தானையை வாயில வெச்சு அமுக்கிக்கிட்டுச் சிரிக்கறா. நடுநடுவுல மிதுலா ஒரு கரண்டியை எடுத்து வாணலியில நங்குன்னு ஒரு தட்டு தட்டறா. எதுக்குத் தெரியுதுங்களா? ஹால்ல இருக்கற எனக்கு, வேலை நடக்குதுன்னு தெரியறதுக்கு. ஆறு வயசுப் புள்ளைக்குப் பழக்கிக் குடுத்திருக்கா.

வாட்ச்சைப் பாத்தேன். ஏழு மணி ஏழு நிமிஷம். அங்கயே நின்னேன். தொட்டிக்குப் பக்கத்துல கொசு புடுங்குது, நகராம நின்னேன். ஏழு இருபதுக்கு எந்திரிச்சு, முகத்தைத் தொடைச்சு, தாள்ல எழுதினா. முப்பது நிமிஷம்னு எழுதினா. பதினேழு நிமிஷத்துல முடிச்சுட்டுப் பதிமூணு நிமிஷத்தை ஒளிச்சு வெச்சிருக்காங்க. எத்தனை நாளா ஒளிச்சாளோ. கம்பெனில முன்னூறு டைலருக நடிப்பைக் கண்டுபுடிக்கறவன் நான். என் வீட்டுல, என் பொண்டாட்டி, வாட்ச்சுக்கு முன்னால கை மெதுவாகாதவன்னு நான் நம்பிக் கட்டினவ, என்னையே ஏமாத்திட்டா. எனக்கு வந்த ஆத்திரம் இருக்குதே, சொல்லி முடியாது. அந்தச் சிரிப்பு வேற. அப்படி அவ சிரிச்சு நான் பாத்ததே இல்லைங்க. என்கூட உக்காந்து ஒரு நாள் சிரிச்சிருப்பாளா?

சாப்பாடு ஆகட்டும்னு இருந்து, புள்ளைக தூங்கினதும் கேட்டேன். சத்தம் போடலைங்க. "இன்னிக்குச் சப்பாத்தி எத்தனை நிமிஷம்?"னேன்.

"எழுதியிருக்கறேனுங்களே"ன்னா.

"ஜன்னல்ல பாத்தேன்"னேன்.

அப்புறம் கேக்கறா, "அந்தப் பதிமூணு நிமிஷத்தை எடுத்து நீங்க என்னங்க பண்ணப் போறீங்க?"

"புள்ளைக இன்னும் வெசையா, சீக்கிரமாத் தூங்குவாங்கல்ல"ன்னேன்.

"நான் பாக்கற நேரமெல்லாம் அவங்க தூங்கறதுலதான் இருக்கறாங்களே. என்கிட்டப் பேசறது அந்தப் பதிமூணு நிமிஷந்தானுங்க. காலையில சட்டையை மாட்டிவிடறேன், வேன்ல ஏத்தறேன். பொழுதோட வர்றேன், தூங்க வெக்கறேன். நடுவுல அது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்குது. அதை விட்டுருங்க."

சாப்பிட்டதுக்கப்புறம் பேசேன், யாரு வேண்டாங்கறான்னு சொன்னேன். நியாயமாத்தானே சொன்னேன்? சாப்பிட்டதுக்கப்புறம் பாத்திரம் கழுவணும், துணி தேய்க்கணும், மறுநாளைக்குக் காய் எடுத்து வெக்கணும், அது இருக்கத்தான் செய்யும். முறைப்படுத்திக்கிட்டா அதுக்குள்ள பேசிக்கலாம். திரும்பிப் படுத்துக்கிட்டா.

மறுநாள் டார்கெட்டை மாத்தினேன். பதினேழு. அவளே பண்ணின நேரந்தானுங்க, நான் ஒண்ணும் புதுசா வெக்கல. கம்பெனில எந்த டைலரா இருந்தாலும் இதைத்தான் பண்ணுவோம். நான் திரும்பவும் வாசல்ல சேர் போட்டு உக்காந்தேன். எங்க ஃப்ளோர்ல மஞ்சக் கோடு போட்டிருக்கும், வேலை நடக்கற இடத்துக்குள்ள சும்மா ஆளு போகக்கூடாதுன்னு. அதே மஞ்ச டேப்பு ஒரு துண்டு கொண்டாந்து சமையக்கட்டு வாசப்படியில ஒட்டினேன். புள்ளைக தாண்டக்கூடாது. நெருப்பு இருக்கற இடம், அவங்களுக்கும் அதுதானே நல்லது. நிகிலன் ரெண்டு நாள் அழுதான். மிதுலா கெட்டிக்காரி, ஒரு தடவை சொன்னாப் போதும்.

காங்கயம் வந்திருச்சு பாருங்க. இனி பத்து நிமிஷம். டீ குடிக்கறீங்களா? வேண்டாம்னா சரி.

இப்ப நீங்க கேப்பீங்க, அப்புறம் அவ எதுக்குப் போனாள்னு. கையில சுட்டுக்கிட்டா. அதுதான் சாக்கு.

அன்னிக்குத் திங்கக்கிழமை. அரிசிம்பருப்பு. மத்த நாளெல்லாம் பதினேழுக்கு வந்திருச்சு, இந்த ஒரு நாள்தான் இருபத்தெட்டுக்குக் கீழ இறங்கமாட்டேங்குது. ஏன்னு பாத்தா, குக்கர். மூணு விசில் விட்டதுக்கப்புறம் பிரஷர் தானா அடங்கப் பதினோரு நிமிஷம். அந்தப் பதினோரு நிமிஷம் அடுப்பும் எரியல, அவளும் எதுவும் பண்ணல, சும்மா நிக்கறா. நான் சொன்னேன், வெயிட்டைக் கரண்டில தூக்கி ஆவியை வெளிய விடு, ஹோட்டல்லயெல்லாம் அப்படித்தான் பண்றாங்கன்னு. ரெண்டு வாரமா அப்படித்தான் பண்ணிட்டு இருந்தா, ஒண்ணும் ஆகல. அன்னிக்குன்னு பாத்து, "இன்னும் ரொம்ப இருக்குதுங்க, சித்த நேரம் அடங்கட்டும்"னா. நான் வாட்ச்சைக் காட்டினேன். பதினாறு ஓடிட்டு இருக்குது. "தூக்கு"ன்னேன்.

தூக்கினா. பருப்புத் தண்ணி நொரையோட பீச்சி அடிச்சிருச்சு. வலது கை, மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும்.

கத்தினா. அப்படியே குழாயடில கையை நீட்டிட்டு நின்னா. சத்தங்கேட்டு ரெண்டு புள்ளைகளும் ஓடியாந்தாங்க. நிகிலனைப் பாப்பாத்தியக்கா வந்து தூக்கிக்கிட்டாங்க. மிதுலா இருக்கறாளே, ஓடியாந்தவ அந்த மஞ்சக் கோட்டுகிட்ட வந்து நின்னுட்டா. உள்ள அம்மா கத்துறா, இவ கோட்டை மிதிக்காம, கால் விரலை மடக்கிக்கிட்டு நிக்கறா. அழுதுக்கிட்டே என் மூஞ்சியைப் பாக்கறா, வரலாமான்னு. எனக்கு அந்த அவசரத்துல வான்னு சொல்லத் தோணலைங்க. ஆறு வயசுல என்ன ஒழுக்கம் பாருங்க.

நான் ஒண்ணும் கல்லு மாதிரி நிக்கல. வண்டில உக்கார வெச்சு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனது நான்தான். மருந்து போட்டுவிட்டதும் நான்தான். மூணு வாரம் மிஷின்ல உக்காரக்கூடாதுன்னாங்க. கம்பெனிக்கு நான்தான் ஃபோன் பண்ணி லீவு சொன்னேன். என்ன பண்ணலைன்னு சொல்லுங்க.

ஆனா பழக்கம்னு ஒண்ணு இருக்குதுங்களே. அவ குழாயடில நின்னப்ப வாட்ச்சு ஓடிட்டு இருந்துச்சு. நிறுத்தலை. எங்க கம்பெனில ஒரு டைலருக்கு ஊசி விரல்ல ஏறினாலும் வாட்ச்சை நிறுத்தமாட்டோம். ஏறின நேரம், திரும்ப ஆரம்பிச்ச நேரம், ரெண்டையும் தனியா எழுதி, காரணம் எழுதணும். அப்பத்தான் டார்கெட்ல அதைக் கழிக்க முடியும். அவளுக்கு நல்லதுக்குத்தான் எழுதினேன். ஏழு மணி ஆறு நிமிஷத்துல இருந்து ஏழு பதிமூணு வரைக்கும். இழந்த நேரம் ஏழு நிமிஷம். டைலரை எங்க தாள்ல ஆப்பரேட்டருன்னுதான் எழுதுவோம். காரணம்ங்கற கட்டத்துல, ஆப்பரேட்டர் அவசரம்னு எழுதினேன்.

மறுநாள் காலையில கையில கட்டோட வந்து ஃப்ரிட்ஜைத் தொறக்கறப்ப அதைப் படிச்சிருக்கா. ரொம்ப நேரம் அங்கயே நின்னா. நான் பல் விளக்கிட்டு இருந்தேன், பாத்தேன். என்னன்னு கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க"ன்னா. மூணாம் நாள் அண்ணன் வீட்டுல கோயில் நோம்பி, ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்னு புள்ளைகளைக் கூட்டிட்டுப் போனா. போனவதான்.

அந்தத் தாளா? இருக்குது, இந்தப் பையிலதான். இருங்க, காட்டறேன். இன்னிக்கு மச்சான்கிட்ட எல்லாத்தையும் எடுத்துப் போடப் போறேன். ஜூன்ல எப்படி இருந்துச்சு, ஜூலைல எப்படி இருந்துச்சு, படிச்சவங்க யாரு பாத்தாலும் ஒத்துக்குவாங்க. இந்தாங்க, பாருங்க. மேல தேதி, கீழ நேரம். எவ்வளவு சுத்தமா இருக்குதுன்னு பாருங்க.

அண்ணா, பின்பக்கம் திருப்பாதீங்க. அது ஒண்ணும் இல்ல.

சரி, பாத்துட்டீங்க. அவ எழுத்துதான் அது. பொடிப்பொடியா எழுதுவா. அவ போனதுக்கப்புறந்தான் எனக்கே தெரிஞ்சுது. ஒவ்வொரு தாளுக்கும் பின்னால எழுதி வெச்சிருக்கா, ஜூன்ல ஆரம்பிச்சு. பேருன்னு ஒரு கட்டம் போட்டு, அதுல என் பேரு. படிங்க, படிங்க, நீங்க படிச்சா என்ன. "ஆறு இருபது, வந்தது. ஆறு இருபதுல இருந்து ஆறே முக்கால் வரை, ஃபோன். பாப்பாத்தியக்கா வீட்டுல நிகிலன் அழுதது இங்க வரை கேட்டதாம். ஆறே முக்கால், டீ கேட்டது. ஆறு அம்பதுல இருந்து ஏழு இருபது வரை, உக்காந்து பாத்தது. சாப்பிட்டது, ஒம்பது நிமிஷம். தட்டை அங்கயே வெச்சது." எல்லாத் தாளும் இதேதான். கடைசித் தாள்ல மட்டும் ஒரே ஒரு வரி. "ஏழு மணி ஆறு நிமிஷம், எழுதிக்கிட்டு இருந்தது."

இதை எப்படி நான் மச்சான்கிட்டக் காட்டறது, சொல்லுங்க. அது ஆப்பரேட்டருக்கான தாளுங்க. அளக்கறவன் பேரு அதுல வரவே கூடாது. எந்தக் கம்பெனிலயும் வராது. அளக்கறவனை அளந்தா அப்புறம் வேலை எப்படி நடக்கும்? அதுகூடத் தெரியாம இத்தனை வருசம் பனியன் கம்பெனில அவ என்ன பண்ணினாளோ, எனக்கு விளங்கலை. ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்திருக்கலாம், முன்பக்கம் மட்டும். தோணாமப் போச்சு.

குடுங்க. மடியில வெச்சுக்கறேன்.

மச்சான் பேரு ஈஸ்வரமூர்த்தி. நல்ல மனுசன். போன வாரம் ஃபோன் பண்ணினார். "மாப்ள, அவ வர்றேங்கறா. ஒரே ஒரு பேச்சுத்தான். ஒரு மாசத்துக்குப் பொழுதோட சமையலை நீங்க பண்ணோணும். அவ புள்ளைகளோட உக்காந்திருப்பா. வீட்டுல அந்த வாட்ச்சு இருக்கக்கூடாது. சரின்னா ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னார். சொல்றப்பவே அவருக்கே கூச்சமா இருந்துச்சு போல, நடுவுல ரெண்டு தடவை இருமினார்.

நான் ஒண்ணும் வீம்பு புடிக்கற ஆளு இல்லைங்க. செஞ்சுதான் பாப்பமேன்னு போன ஞாயித்துக்கிழமை குக்கரை எடுத்தேன். அரிசிம்பருப்புதான். சின்ன வெங்காயம் உரிச்சேன் பாருங்க, அது உரிய உரியத் தீரவே மாட்டேங்குது. கண்ணு எரிஞ்சு ஹால்ல போயி ரெண்டு தடவை உக்காந்துட்டேன். கடுகு கருகிருச்சு. ஒருவழியா மூணு விசில் வந்துச்சு. அடுப்பை அணைச்சேன். கரண்டியை எடுத்துட்டுப் பக்கத்துல போறேன், எனக்கு அந்த வெயிட்டைத் தொட கை வரலைங்க. அது உஸ்ஸுன்னுட்டே இருக்குது, நான் கரண்டியோட நின்னுட்டே இருக்கேன். வீட்டுல வேற சத்தமே இல்ல. கீழ பாத்தா வாசப்படியில அந்த மஞ்ச டேப்பு. நான் உள்ள நிக்கறேன், அந்தப் பக்கம் யாரும் இல்ல. அது அடங்கறதுக்கு எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு வாட்ச்சை அமுக்க மறந்துட்டேன்.

சாதம் நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் உப்பு எச்சு. அதுக்குன்னு ஒரு மாசம் நானே பண்ணணும்னா எப்படிங்க? எனக்குப் பழக்கமில்ல. பழக்கமில்லாத ஆளை அந்த இடத்துல உக்கார வெக்கறது எந்த முறையிலயும் சேராது. அதனால நான் ஒரு பிளான் எழுதிட்டு வந்திருக்கேன். இதோ, இது தனித் தாளு, பின்னால ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் சேந்து பண்றது. வெங்காயம் அவ, பாத்திரம் எடுத்து வெக்கறது நான். பதினாலு நிமிஷத்துல முடியும். அதுல புள்ளைகளோட பேசறதுக்கு அவளுக்கு அஞ்சு நிமிஷம் தனியா ஒதுக்கியிருக்கேன், பாருங்க, கட்டமே போட்டிருக்கேன். இதுக்கு மேல ஒரு மனுசன் எப்படி இறங்கி வர்றது?

ஓலப்பாளையம் போயிருச்சு. இனி கொஞ்ச தூரந்தான். இப்ப மணி அஞ்சே கால். அஞ்சரைக்கு இறங்கினா, மச்சான் வீட்டுக்கு நடக்க ஏழு நிமிஷம். பேசறதுக்கு இருபது வெச்சிருக்கேன். துணிமணி எடுக்க, புள்ளைக கிளம்பக் கால் மணி. ஆறு இருபத்தஞ்சுக்கு ஒரு பஸ்ஸு திருப்பூருக்கு இருக்குது, அதைப் புடிச்சிரலாம்.

வாட்ச்சா? இருக்குது, சட்டைப் பையில. சும்மா இருக்குதுங்க. இறங்கறப்ப பைக்குள்ள போட்டுக்குவேன், அவ கண்ணுல படாது.

நேத்துப் பொழுதோட மிதுலாகிட்டப் பேசினேன். இந்த முப்பத்தொம்பது நாள்ல நாலாவது தடவை. மத்த நேரமெல்லாம் விளையாடறா, குளிக்கறா, தூங்கறான்னுருவாங்க. நேத்து அவளே எடுத்துட்டா. அப்பா நாளைக்கு வர்றேன் அம்மிணி, என்ன வேணும்னு கேட்டேன். அதை விட்டுட்டு, "அப்பா, இந்த ஃபோன் எத்தனை நிமிஷமுங்க?"ன்னா.

எனக்கு முதல்ல சிரிப்பு வந்திருச்சு. என் ரத்தம் பாருங்க, விட்டுப் போகுமா. அஞ்சு நிமிஷம் அம்மிணின்னேன்.

சரிங்கன்னா. அங்க சேத்திவிட்ட பள்ளிக்கூடத்தைப் பத்திச் சொன்னா. மச்சான் வீட்டு ஆடு குட்டி போட்டதைச் சொன்னா. தம்பிக்குச் சளின்னு சொன்னா. சாப்பிட்டாச்சுன்னா. ஒவ்வொண்ணா, நிறுத்தாம, வெசையா, டைலர் பண்டிலை எடுத்து எடுத்து அக்கட்டால போடற மாதிரி சொன்னாளுங்க. சொல்லிட்டு, முடிஞ்சுதுங்கப்பான்னு வெச்சுட்டா. மூணு நிமிஷம் பத்து நொடி. அஞ்சு நிமிஷ வேலையை அவ்வளவு வெசையா முடிச்சுட்டா.

மிச்ச நேரம் நான் ஃபோனைக் காதுல வெச்சுட்டேதான் உக்காந்திருந்தேன்.

அண்ணா, சித்த காலை நகத்துங்க. ஸ்டாப் வந்திருச்சு.